சந்தனத் தலைகளும் ஒரு நடுச்சுவரும்

படகுத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் புத்தூர்க்காரர்கள் இன்றும் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். "கடல் எங்க கீது, போட்டு எங்க கீது? ஏரியில உடறதுக்கா?" என்று பால்காரர் கேட்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் கொட்டகையைச் சுற்றி ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வேர்க்கடலைக் காடு. அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, கடலில் மாதக்கணக்கில் குடும்பம் நடத்துகிற அளவுக்குப் பெரிய இரட்டைப் படகு செய்கிறோம் என்றால் யார் நம்புவார்கள்? நானே முதல் வாரம் நம்பவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் தரம் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். ரெசின் பசையை எந்த அளவில் கலக்குவது, எத்தனை அடுக்குத் துணி போடுவது என்பதையெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கண் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன். எங்கள் குழு முழுக்க மொட்டை போட்டுக்கொண்டு வந்த கதை அது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான்.

கதைக்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் மட்டும் புரிந்திருக்க வேண்டும். நம் படகுக்கு இரண்டு உடல், நடுவில் ஒரு தளம். அலை வந்தால் இடது உடல் மேலே ஏறும், அதே நேரத்தில் வலது உடல் கீழே இறங்கும். அடுத்த அலைக்கு இது தலைகீழாகும். இரண்டும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டே இருக்கும். போதாததற்குப் பாய்மரம் நடுவில் நின்றுகொண்டு மேலிருந்து அமுக்கும். இவ்வளவையும் தாங்குவது குறுக்கே நிற்கும் நடுச்சுவர். அந்தச் சுவரின் மேல் விளிம்பு மேல்தளத்தின் அடிப்பக்கத்தோடு சேர்கிற இடத்தில், இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் துணியை ரெசினில் நனைத்துப் பட்டையாக ஒட்டுகிறோம் அல்லவா, அதுதான் படகின் உயிர். சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி, அந்தப் பட்டை பிடிக்கவில்லை என்றால் அது வெறும் பலகை. பட்டை பிடிக்க வேண்டுமானால் ஒட்டும் இடம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும்.

அப்போது நாங்கள் இரண்டாவது படகு செய்துகொண்டிருந்தோம். முதல் படகு ஏற்கெனவே கொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்து, ஒரு கணவனும் மனைவியும் அதிலேயே குடியிருந்தார்கள். இரண்டாவது அதைவிட நீளம். அச்சிலிருந்து அதன் உடலைக் கழற்றுகிற அன்று மேஸ்திரி அச்சைச் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டை ஒட்டும் குழுவுக்கு அவர்தான் தலைவர். நகரிக்காரர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்றும் உங்களோடுதான் வேலை செய்கிறார், கூச்சப்படுவார். அச்சில் உடல் ஒட்டிக்கொண்டு எங்காவது கீறல் விட்டால் மாதக்கணக்கான உழைப்பு குப்பைக்குப் போகும். அச்சுக்கு முன்னால் நின்று அவர் கையெடுத்துக் கும்பிட்டு உரக்கவே வேண்டிக்கொண்டார். "ஏழுமலையானே, இது முழுசா வந்துடணும். வந்துச்சுன்னா எங்க செட்டு மொத்தமும் மலையேறி வந்து மொட்டை போட்டுக்குறோம்."

மற்றவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கல்யாணம் வைத்திருந்த ஒருவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உடல் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், அவன் மட்டும் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை மேல்தளத்தைத் தூக்கி வைத்து மூடினோம். ஞாயிற்றுக்கிழமை குழு மொத்தமும் திருமலைக்குப் போனது. திங்கள்கிழமை காலை எல்லாரும் பளபளவென்று மொட்டைத் தலையோடு வந்தார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அன்று காலையும் குளித்துவிட்டுப் புதிதாகச் சந்தனம் குழைத்துத் தலை நிறையப் பூசியிருந்தார்கள். வாசலில் வரிசையாக நின்றபோது யார் எவர் என்றே தெரியவில்லை. கல்யாண மாப்பிள்ளையை மேஸ்திரி என்று நினைத்து நான் வேலை சொல்லிக்கொண்டிருந்தேன், அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி எனக்கு லட்டு கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். உடனே என் புத்தி வேலை செய்தது. லட்டில் நெய். நெய் கையில். கை படகில். "ஒருத்தரும் இப்படியே உள்ளே போகக் கூடாது" என்று எல்லாரையும் குழாயடிக்கு ஓட்டினேன். சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்தேன். "ஸ்கூல்ல கூட இப்டி பாக்கல எம்மா" என்று முனகினார்கள். முனகட்டும் என்று விட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது. கையைப் பார்த்தவள் தலையைப் பார்க்கவில்லை.

தலைக்கு ஒரு வலைத்தொப்பி உண்டு. முடி உதிர்ந்து ரெசினில் விழக் கூடாது என்று கொடுத்தது. அன்று ஒருவர் தலையிலும் அது இல்லை. பிறகு கேட்டபோது, "முடியே இல்லியே எம்மா, தொப்பி இன்னாத்துக்கு?" என்றார்கள். நியாயமான கேள்விதான்.

அன்று முழுக்க நடுச்சுவரின் மேல் விளிம்பில் பட்டை ஒட்டினார்கள். சாயங்கால டீக்கு வெளியே வந்து கொட்டகை நிழலில் வரிசையாகக் குந்தினார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு நேர் கீழே அத்தனை தலைகள். காலையில் முழு மஞ்சளாக இருந்த தலைகளில் இப்போது உச்சியில் மட்டும் சந்தனம் இல்லை. ஒவ்வொரு தலையிலும் வட்டமாக வெற்றிடம். இரண்டு பேருக்கு நெற்றியிலிருந்து பின்மண்டை வரை கோடு இழுத்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாம்மா சிரிக்கிறீங்க?" என்று மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. உச்சிச் சந்தனம் எங்கே போனது?

வியர்வையில் வழிந்திருந்தால் கீழே வழிந்திருக்கும், உச்சியில் மட்டும் துடைத்த மாதிரி வட்டமாகப் போகாது. அது எதிலோ உரசியிருக்கிறது. உள்ளே குனிந்து நடக்கிற இடத்தில் தலைக்கு மேலே இருப்பது மேல்தளத்தின் அடிப்பக்கம். உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்துப் பட்டைக்காகத் தயாராக வைத்திருந்த அதே இடம். முதலில் மொத்த நீளத்தையும் துடைத்துவிட்டு, பிறகு உள்ளே போய்ப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே ஒட்டுவார்கள். ஒட்டப்போகிற இடத்தில்தான் தலை உரசும். தேய்த்த பரப்பும் வெளிர்மஞ்சள், சந்தனமும் வெளிர்மஞ்சள். குந்தி உட்கார்ந்து விளக்கைத் தூக்கிப் பிடித்து வேலை செய்கிறவன் கண்ணுக்கு அது தெரியாது. டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தேன்.

அப்போதிருந்த உற்பத்தி மேலாளரிடம் போனேன். திருப்பதிப் பையன், சுறுசுறுப்பானவன், கெட்டவன் இல்லை. ஆனால் அவன் கழுத்தில் கத்தி. மறுநாள் உள்கூரைப் பலகை ஏற வேண்டும். பலகை ஏறிவிட்டால் அந்தப் பட்டையை அதற்கப்புறம் யாரும் கண்ணால் பார்க்கப்போவதில்லை. அவ்வளவு அகலமான படகைச் சாலையில் இழுத்துப்போக அந்த வாரத்துக்குத்தான் அனுமதி வாங்கி வைத்திருந்தான்.

மறுநாள் காலை அவனும் நானும் உள்ளே போனோம். பட்டை நன்றாக இறுகியிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அவன் ஒரு நாணயத்தை எடுத்து நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தான். எல்லா இடத்திலும் டிங் டிங் என்று சுத்தமான சத்தம்.

"பரவாலேதண்டி மேடம்," ஒன்றும் பிரச்சினை இல்லை என்று தெலுங்கில் சொன்னான். "எங்கேயும் பொக்கு இல்லை. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். நடுவில் காற்று இருந்தால்தான் பொக்குச் சத்தம் வரும். தூசி மேல பட்டை படிஞ்சு சும்மா தொட்டுக்கிட்டு நின்னா நல்ல சத்தம்தான் வரும். கடல்ல முறுக்குறப்பதான் கழண்டு வரும்."

"அப்போ என்ன செய்யச் சொல்றீங்க? மொத்தத்தையும் பிரிக்கிறதா? எங்க உரசுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

இந்த இடத்தில் கவனியுங்கள். அவன் கேட்டது சரியான கேள்வி. மொத்தத்தையும் பிரித்தால் நல்லதாக ஒட்டியதும் கெடும், படகும் நிற்கும். பிரிக்காமல் விட்டால் எங்கே கெட்டது என்று தெரியாத படகைக் கடலுக்கு அனுப்ப வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் பலகை ஏறாது. போடவும் மனமில்லை, போடாமல் உட்கார்ந்திருக்கவும் வழியில்லை. பிடிவாதம் மட்டும் வைத்துக்கொண்டு தர ஆய்வாளராக இருக்க முடியாது. பிடிவாதத்தோடு ஒரு வழியும் சொல்ல வேண்டும்.

நான் சொன்ன வழியைக் கேட்டுவிட்டு அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். குழு மொத்தமும் மறுபடி தலையில் சந்தனம் பூசிக்கொள்ள வேண்டும். நேற்று செய்ததை அப்படியே உள்ளே போய்ச் செய்துகாட்ட வேண்டும், ரெசின் மட்டும் வேண்டாம். தலை எங்கெல்லாம் உரசுகிறதோ அங்கெல்லாம் புதுப் பட்டையின் மேல் சந்தனம் அடையாளம் வைக்கும்.

மேஸ்திரியிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இன்னாம்மா பேசறீங்க? இந்தப் போட்டு உறுதியா வரணும்னு வேண்டிக்கினு முடி குடுத்துட்டு வந்துகீறோம். சாமி சந்தனத்த அழுக்குன்றீங்களா?"

"சாமி மேல தப்பு சொல்லல மேஸ்திரி. தலையில இருந்தா அது சந்தனம். பட்டைக்கு அடியில போனா அது தூசி. உங்க லட்டு எனக்குப் பிரசாதம்தான், அதுக்குன்னு கையைக் கழுவ வைக்காம விட்டேனா?"

குழுவில் ஒருவன், "நேத்து என் தலை நாலஞ்சு தபா இடிச்சுது மேஸ்திரி," என்றான். இன்னொருவன், "எனக்கும்தான்," என்றான். மேஸ்திரி அவர்களை முறைத்தார். பிறகு கிண்ணத்தை எடுத்து அவரே சந்தனம் குழைக்க உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நடந்தது ஒரு கூத்து. வாளி இல்லாமல், ரெசின் இல்லாமல், காய்ந்த தூரிகையையும் உருளையையும் வைத்துக்கொண்டு எல்லாரும் மும்முரமாக ஒட்டுகிற மாதிரி நடித்தார்கள். "டேய், நேத்து நீ இங்க நின்னு போன் பேசிக்கினு இருந்த, பேசு" என்று ஒருவன் சொன்னான். "அந்தச் சமயம் நீ வெளியே போய் போண்டா துன்னுக்கினு இருந்த, வெளிய போ" என்று அவன் திருப்பிச் சொன்னான். முதல் நாள் ரகசியம் எல்லாம் வெளியே வந்தது. மேலாளர் சிரிப்பை அடக்க வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டான். முடிந்து ஒவ்வொருவராக வெளியே வந்தபோது எல்லார் உச்சியும் மறுபடி காலியாக இருந்தது.

நான் டார்ச்சோடு உள்ளே தவழ்ந்தேன். பட்டையின் பெரும்பகுதி சுத்தமாக இருந்தது. இடது உடலுக்குள் படி இறங்குகிற வாசலில் மட்டும் திட்டுத் திட்டாக மஞ்சள். எல்லாரும் குனிந்து போய்க் குனிந்து வருகிற ஒரே வழி அது. பாய்மரம் அமுக்குகிற பாரம் வந்து சேர்கிற இடமும் அதுதான். பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன்.

முதலில் அடையாளம் விழாத இடத்தில் உளியை வைத்தேன். பட்டை வரவே மாட்டேன் என்றது. தட்டித் தட்டிப் பிய்த்தபோது அடியில் இருந்த தளத்தின் தோலையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு இழை இழையாக வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நம் ஆட்கள் ஒட்டினால் அப்படித்தான் இருக்கும். பிறகு பென்சில் கோட்டுக்குள் உளியை வைத்தேன். ஓரத்தை நெம்பியதும் கல்லிலிருந்து எழும்புகிற தோசை மாதிரி முழுசாக எழும்பி என் கையில் வந்து உட்கார்ந்தது. அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. மூக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தனை ரெசின் நெடிக்கு நடுவிலும் சந்தன வாசனை வந்தது.

அதை மேலாளர் கையில் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தான், அவனும் மோந்து பார்த்தான். "லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன் மேடம். நீங்க ஆக வேண்டியதப் பாருங்க" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் இன்று எங்கே வேலை செய்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கோடு போட்ட இடங்களை மட்டும் பிரித்து, தேய்த்து, மறுபடி ஒட்ட ஆரம்பித்தோம். இந்த முறை எல்லார் தலையிலும் கெட்டித் துணி. மொத்தமாகத் துடைத்து வைக்கிற பழக்கத்தையும் விட்டோம். கைக்கு எட்டுகிற அளவு துடை, துடைத்த கையோடு ஒட்டு, பிறகு நகர். நீங்கள் இன்று செய்வதும் அதுதான், அந்தப் பழக்கம் வந்த காரணம் இதுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மறுநாள் காலை மேஸ்திரி என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எம்மா, சந்தனம் இல்லாட்டி உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது மேஸ்திரி."

"மொதல் போட்டு ஒட்டறப்போ எங்க தலையில இன்னா இருந்துச்சு?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே சொன்னார். "முடி இருந்துச்சு. முடியில தேங்கா எண்ணெ இருந்துச்சு. காலையில தடவிக்கினு சீவாம எவனும் வேலைக்கு வரமாட்டான். வலைத்தொப்பி முடிய நிறுத்தும், எண்ணெய நிறுத்துமா? அதே வாசல், அதே குனியறது. எண்ணெக்குக் கலரு இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். ராத்திரி பூரா தூக்கம் இல்லம்மா."

சொல்லிவிட்டு நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. முதல் படகைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்குமா என்று இன்றுவரை தெரியவில்லை. கொச்சியில் அந்தத் தம்பதி லட்சத்தீவுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள், அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் எல்லாம் அடுக்கி.

இரண்டு பேரும் முதலாளியின் அறைக்குப் போனோம். மேஸ்திரி நின்றபடியே சொன்னார், என்னைச் சொல்ல விடவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு மழைக்காலம் தாண்டிடுச்சு. அவங்க ஒண்ணும் சொல்லலியே?"

"துறையில கட்டிக்கிட்டு இருந்தாங்க சார். இன்னும் பெரிய கடலுக்குப் போகல" என்றேன்.

"போன் பண்ணி என்னன்னு சொல்றது? எங்க ஆளுங்க தலையில எண்ணெய் வெச்சிருந்தாங்க, அதனால கடலுக்குப் போகாதீங்கன்னா?"

"ஆமா சார். அப்டியே சொல்லுங்க" என்றார் மேஸ்திரி.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டே படகு செய்திருக்கிற ஒரு தொழிற்சாலை, முதல் படகில் குறை இருக்கலாம் என்று தானாகவே போன் செய்து சொல்வதென்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். கொட்டகையில் இருந்த அத்தனை பேர் வேலையும் அந்த ஒரு போனில் தொங்கியது. கடைசியில் அவர் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, போனை என் பக்கம் தள்ளினார்.

அந்த அம்மாதான் எடுத்தார். கோயம்புத்தூர்க்காரர். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், நடுச்சுவரைச் சொன்னேன். நாங்கள் வந்து பார்க்கும்வரை கிளம்ப வேண்டாம் என்றேன். அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது உங்களுக்கு எத்தனை நாளா தெரியுங்க?"

"இன்னிக்குக் காலையிலிருந்துதாம்மா."

"அப்ப வாங்க" என்றார்.

ரேணிகுண்டாவில் ரயில் ஏறினோம், மேஸ்திரியும் நானும், ஒரு பெட்டி நிறைய உளியும் உப்புத்தாளும் இழைத் துணியும். வழி முழுக்க அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. காட்பாடியில் நான் வாங்கிக் கொடுத்த இட்லியை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான் இருக்கும் மேஸ்திரி, ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன். "வாய்ல சொல்லிக்கினு இருக்காதீங்கம்மா, போய்ப் பாக்கலாம்" என்றார்.

படகில் அந்த வாசலுக்குப் பக்கத்தில்தான் அவர்கள் கட்டில். மெத்தையை எடுத்து, உள்கூரைப் பலகையைக் கழற்றினோம். பட்டை புதிது மாதிரியே இருந்தது. கணவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கள் பின்னால் நின்றார். மேஸ்திரி உளியை ஓரத்தில் வைத்து நெம்பினார். முதல் இடத்தில் கிழிந்துகொண்டு வந்தது. கணவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வாசலுக்கு நேர் மேலே வைத்து நெம்பினார். கை நீளத்துக்கு அப்படியே சுத்தமாகக் கழன்று வந்தது.

படகு லேசாக ஆடியது. பிறகு கணவர் கத்தினார். கத்தினார் என்றால் நன்றாகவே கத்தினார். இதை நம்பியா வீட்டை விட்டுவிட்டு வந்தோம், இதற்கு அடியில்தானே தினமும் படுத்தோம், என்றார். எல்லாம் நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். இங்கேயே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை வைத்துச் செய்துகொள்கிறேன், நீங்கள் இதைத் தொட வேண்டாம், கிளம்புங்கள் என்று முடித்தார். மேஸ்திரி உளியைப் பெட்டியில் வைத்து மூடினார். எழுந்து அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நான் ஒட்டுனதுதாம்மா அது. மன்னிச்சிக்குங்க."

அந்த அம்மா கழன்ற பட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தார். அரும்பு முடி முளைக்கத் தொடங்கியிருந்த மேஸ்திரியின் தலையைப் பார்த்தார்.

"பெட்டியைத் திறங்க" என்றார். "நீங்களே ஒட்டுங்க."

கணவர் திகைத்துப்போய், "உனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

"வேற ஆளு ஒட்டினா அது நல்லா இருக்கா இல்லையான்னு நமக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் அந்த அம்மா. "இவர் ஒட்டினது சரியில்லைன்னா, இவரே வந்து சொல்லீருவார்."